பதின்மூன்றாவது துண்டு

பல்கலைக்கழக விடுதி, சூளகிரி
9 பிப்ரவரி 2025

மரியே வாழ்க!

அன்புள்ள டெல்பின் அக்காவுக்கு, மேக்ஸ்வெல் எழுதுவது. நானும் பிரவீனாவும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? ஜவளகிரிப் பக்கம் யானை இறங்கியிருப்பதாகப் பேப்பரில் படித்தேன். பள்ளிக்கூடத்துக்குத் தனியாக நடந்து போகாதே.

தம்பி பேனா பிடித்து எழுதுகிறானே, என்ன ஆயிற்றோ என்று பயந்துவிடாதே. கம்பெனி என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது. 'அறமும் தலைமையும்' என்று பெயர். ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்சாலைகளிலிருந்து பதினைந்து மேனேஜர்கள் வந்திருக்கிறோம். நவம்பர் வரை மாதத்தில் ஒரு வாரம் இங்கே தங்க வேண்டும். கோயில், மடம், தர்கா, சர்ச் என்று கூட்டிப்போகிறார்கள். அங்கே மனிதர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்து, அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டு வர வேண்டுமாம். பாடம் நடத்துபவர் பேராசிரியர் குருமூர்த்தி. நல்ல மனிதர்தான், ஆனால் எதைச் சொன்னாலும் "அருமையான லேர்னிங்" என்பார்.

போனை லாக்கரில் பூட்டிவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் குடும்பத்தில் ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டும். சாட்சியிடம் பயிற்சியைப் பற்றிப் போனில் பேசக் கூடாது, கையால் எழுத வேண்டும். சாட்சியும் மனதில் பட்டதை ஒளிக்காமல் பதில் எழுத வேண்டும். கடைசி நாளில் சாட்சியின் கடிதத்தை மேடையில் படிப்பார்கள். பிரவீனாவைக் கேட்டேன். "டிசம்பர்ல இருந்து நீங்க எங்கிட்ட பேசறதே இல்ல, நான் என்னத்த சாட்சி சொல்ல?" என்றாள். அதனால் நீதான்.

டிசம்பரில் பிளான்ட்டில் கொஞ்சம் தொந்தரவு இருந்தது. எழுதும்படி ஒன்றுமில்லை.

உன் ஜெபத்தில் என்னையும் நினைத்துக்கொள்.

தம்பி
மேக்ஸ்வெல்

*

ஜவளகிரி
20 பிப்ரவரி 2025

இயேசுவுக்கே புகழ்!

அருமைத் தம்பிக்கு, அக்காவின் ஆசி. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, நானும் அப்படியே நடக்கிறேன். யானை என் பக்கம் வரவில்லை. வந்தால் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வேன், ஓடிவிடும்.

அடேயப்பா, பத்தாம் வகுப்பில் லீவு லெட்டரைக்கூட நான் எழுத, நீ கையெழுத்து மட்டும் போட்ட ஆள்! இப்போது இரண்டு பக்கம். சாட்சியாக இருக்கிறேன். ஆனால் ஒன்று, டீச்சரைச் சாட்சிக்கு வைத்தால் சிவப்பு மை கையிலேயே இருக்கும். தப்பு தெரிந்தால் சுழிப்பேன்.

முதல் சுழி இப்போதே. டிசம்பரில் என்ன தொந்தரவு? ஒன்றுமில்லாததற்குப் பெண்டாட்டியோடு பேசாமல் இருப்பார்களா?

உன் தொழில் சம்பந்தமாக ஒரு சந்தேகமும் இருக்கிறது. எங்கள் பள்ளிச் சத்துணவுக்கு உதவியாளாகச் செல்லி என்று ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். புருஷன் ராஜ்குமார், ஓசூரில் ஏதோ கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். டிசம்பரில் பிரஸ் மெஷினில் சிக்கி இறந்துபோனார். பாதுகாப்புக்கு இருக்கும் சென்சாரை அவரே ஆஃப் செய்துவிட்டார், தன் தப்பாலேயே செத்தார் என்று எழுதிவிட்டார்களாம். "அவரு அப்படிப் பண்ற ஆளே இல்ல டீச்சர். சைக்கிள்ல பிரேக் சரியில்லைன்னா தள்ளிட்டே வருவாரு" என்கிறாள். மகள் சுவாதி என் இரண்டாம் வகுப்பில்தான் படிக்கிறாள். "உங்கப்பா மெஷினக் கெடுத்தாராமே" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து அந்தக் குழந்தை வகுப்பில் வாய் திறப்பதில்லை.

செல்லிக்காக மேலே ஒரு மனு எழுதித் தரப் போகிறேன். அந்தச் சென்சாரை ஒரு தொழிலாளி தானாக ஆஃப் செய்ய முடியுமா? நீ மேனேஜர், உனக்குத் தெரிந்திருக்கும். எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா
டெல்பின்

*

சூளகிரி
15 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பியின் தோத்திரம். சுகமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

இந்த மாதம் ஒரு மடத்தில் பந்தி பரிமாறினோம், ஒரு தர்காவில் கஞ்சி ஊற்றினோம். ஒவ்வொருவரும் தன் சொந்த மதத்திலிருந்து ஒரு வழக்கத்தை எடுத்துக் கம்பெனியில் செய்து காட்ட வேண்டும் என்றார் குருமூர்த்தி சார். எனக்குச் சட்டென்று பெரிய வியாழன் நினைவுக்கு வந்தது. பங்குச் சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவாரே, அப்பா ஒரு வருடம் உட்கார்ந்தாரே! அதையே செய்யப் போகிறேன். பன்னிரண்டு தொழிலாளிகளை உட்கார வைத்து, நான் முழங்காலில் நின்று கழுவுவேன். நம் பங்கில் செய்வதுபோல வலது கால் மட்டும். சார் துள்ளிக் குதித்துவிட்டார். எங்கள் டைரக்டருக்கும் சந்தோஷம், போட்டோகிராபருக்குச் சொல்லியாகிவிட்டது.

நீ பன்னிரண்டு துண்டு தைத்து அனுப்ப வேண்டும். வெள்ளைப் பருத்தி, ஓரத்தில் சின்னச் சிலுவை. கடைத்துண்டு வேண்டாம்.

வேறு விசேஷமில்லை.

தம்பி
மேக்ஸ்வெல்

*

ஜவளகிரி
28 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு, ஆண்டவர் துணை. நான் நலம். தவக்காலத்தில் கறி இல்லாமல் எப்படி இருக்கிறாய் என்று பிரவீனாவிடம் கேட்டேன். நீ எதையுமே சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள்.

துண்டுகளைத் தளி வழியாக ஓசூர் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். பதின்மூன்று இருக்கும். தைக்கும்போது எப்போதும் ஒன்று கூடத் தைப்பது என் பழக்கம். அழுக்கானால் மாற்றுக்கு ஆகும். செல்லியும் உட்கார்ந்து ஓரம் அடித்தாள்.

தைத்துக்கொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரியில் ராஜ்குமாரைத் துணியில் முழுக்கச் சுற்றிக் கொடுத்தார்களாம். முகம் காட்டவில்லை. "அடையாளத்துக்குக் கால மட்டும் பிரிச்சுக் காட்டுனாங்க டீச்சர். குதிகாலெல்லாம் கிரீஸு. கழுவறேன்னு சொம்புத் தண்ணி எடுத்தேன். கட்டு நெகிழ்ந்துரும், தண்ணி படக் கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க. வேலைக்குப் போயிட்டு வந்தா வாசல்ல கால் கழுவாம உள்ள வர மாட்டாரு. அந்த மனுசன கிரீஸோட மண்ணுக்குள்ள வெச்சேன்." அழவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள், நான் கோத்துக் கொடுத்தேன்.

தம்பி, போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். சென்சாரைத் தொழிலாளி ஆஃப் செய்ய முடியுமா, முடியாதா? ஒரு வரியில் சொல்கிற விஷயம். மறந்துவிட்டாயா?

அக்கா
டெல்பின்

*

மத்திகிரி
19 ஏப்ரல் 2025, பெரிய சனி

அன்புள்ள அக்காவுக்கு, நாளைய உயிர்ப்பு ஞாயிறு வாழ்த்து. உடம்பு பரவாயில்லை. கொஞ்சம் தூக்கம் குறைவு.

வியாழன் மதியம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் காலைக் கழுவினேன். பிரஸ் ஷாப்பிலேயே நாற்காலி போட்டார்கள். எல்லா மதத்துக்காரர்களும் உட்கார்ந்தார்கள். முதல் ஆள் நாராயணப்பன், இருபத்தாறு வருட சர்வீஸ். "பேடா சார், வேணாம்! நீங்க என் கால தொட்டா எனக்குத்தான் பாவம்" என்று காலை இழுத்துக்கொண்டார். கெஞ்சி உட்கார வைத்தோம். அப்புறம் அவரே கண் கலங்கிவிட்டார். டைரக்டர் கை தட்டினார். குருமூர்த்தி சார் ஒரு படிவம் கொடுத்து எல்லோரிடமும் கருத்து எழுதி வாங்கினார்.

ஒரு சின்ன விஷயம். சிரிக்காதே. முழங்காலில் நகர்ந்து நகர்ந்து போகும்போது தலை குனிந்தே இருக்கிறது, பார்வையில் கால்கள் மட்டும்தான். ஒவ்வொன்றாகக் கழுவி, துடைத்து, துண்டைப் பக்கத்தில் போட்டுக்கொண்டே போனேன். முடிந்து எழுந்து திரும்பினால் பதின்மூன்று துண்டும் ஈரம். சொம்பில் தண்ணீர் ஊற்றியது ஹெச்.ஆர். சுரேந்தர். "பன்னெண்டு தடவதான் சார் ஊத்துனேன்" என்கிறான். போட்டோவிலும் பன்னிரண்டு பேர்தான். நான்தான் எண்ணிக்கையில் தவறியிருப்பேன். ஆனால் கடைசிக் கால் ஜில்லென்று இருந்தது.

துண்டுகளை அனுப்பியிருக்கிறேன். துவைத்து வை. இது பெரிய வெற்றி என்று மாதாமாதம் செய்யச் சொல்கிறார்கள்.

தம்பி
மேக்ஸ்வெல்

*

ஜவளகிரி
2 மே 2025

தம்பி மேக்ஸ்வெல்லுக்கு, அக்கா எழுதுவது. நீ தூங்குகிறாயா? பிரவீனாவுக்குப் போன் போட்டேன். குளியலறைத் தரையில் ஈரம் இருந்தால் நீ தாண்டிப் போவதாகச் சொல்கிறாள்.

துண்டுகளைத் துவைத்தேன். வெயில் எப்படிக் கொளுத்துகிறது என்று உனக்கே தெரியும். பன்னிரண்டும் அரை மணியில் காய்ந்து விறைத்துவிட்டன. பதின்மூன்றாவது காயவில்லை. பத்து நாளாகக் கொடியில் கிடக்கிறது. பிழிந்தால் இன்னும் சொட்டுகிறது. நடுவில் கறுப்பாகக் கிரீஸ் கறை. சோடா போட்டுக் கொதிக்க வைத்தும் போகவில்லை. தொழிற்சாலைத் துண்டில் கிரீஸ் இருக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மே மாத வெயிலில் காயாத துணியை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. மனுவோடு வைக்கச் செல்லி அவள் புருஷனின் அடையாள அட்டையைக் கொண்டு வந்தாள். நீல நாடா, அதில் மஞ்சள் எழுத்து. உன் கழுத்தில் மூன்று வருடமாக நான் பார்க்கிற அதே நாடா. பின்பக்கம் 'பிரஸ் ஷாப்' என்று போட்டிருக்கிறது.

ராஜ்குமார் உன் ஆள். நான் இரண்டு முறை கேட்டும் நீ துண்டைப் பற்றித்தான் எழுதினாய். மேக்ஸ்வெல், ஏன் சொல்லவில்லை?

அக்கா

*

சூளகிரி
21 ஜூன் 2025

அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் இல்லை, மன்னித்துக்கொள். ஆமாம், எங்கள் பிளான்ட்தான். அதற்கு ஒரு விசாரணை நடந்து முடிந்துவிட்டது. சம்பந்தமில்லாத உன்னை எதற்கு இழுப்பது என்று சொல்லவில்லை.

மே மாதம் பிளான்ட்டில் மறுபடி கழுவினேன். ஜூனில் இங்கே, வளாகத்து ஹாலில், மற்ற கம்பெனி ஆட்கள் பன்னிரண்டு பேருக்குக் கழுவினேன். இரண்டு தடவையும் வந்தது. நீ திருப்பி அனுப்பிய துண்டைப் பன்னிரண்டாகவே எண்ணி எடுத்துப் போனேன். பன்னிரண்டாவது ஆளுக்குத் துடைத்துவிட்டு நகர்ந்தால் அடுத்து ஒரு கால் இருக்கிறது. வலது கால். குதிகாலில் கிரீஸ். கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்தது. கழுவாமல் எழ முடியவில்லை அக்கா. என் சட்டை நுனியால் துடைத்தேன். தலையை நிமிர்த்தினால் நாற்காலியே இல்லை, வெறும் தரை.

கணுக்காலில் ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறது. ஆம்பிளை காலில் மஞ்சள் கயிறு யார் கட்டுவார்கள்? அது ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை.

குருமூர்த்தி சாரிடம் ஜாடையாகச் சொன்னேன். "தொழிலாளிங்க மேல உங்களுக்கு இருக்கற கரிசனம்தான் அப்படித் தெரியுது. எழுதி வையுங்க, அருமையான லேர்னிங்" என்றார். இறுதி விழா மேடையில் இதைத்தான் செய்து காட்ட வேண்டுமாம்.

அந்த அம்மாவை உன் வீட்டுக்கு வர விடாதே. கேட்டுக்கொள்கிறேன்.

மேக்ஸ்வெல்

*

ஜவளகிரி
6 ஜூலை 2025

தம்பிக்கு, ஆண்டவர் உனக்குத் தைரியம் தரட்டும்.

செல்லியை வராதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. சொல்லவும் மாட்டேன்.

உன் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. "ராஜ்குமாருக்குக் காலில் அடையாளம் ஏதாவது உண்டா?" என்று மட்டும் பேச்சுவாக்கில் கேட்டேன். சின்ன வயதில் மாடு மிதித்து வலது கட்டைவிரல் நகம் பிளந்துவிட்டதாம். அதை நீ அன்றைக்கு மெஷின் பக்கத்தில் பார்த்திருக்கலாம். பார்த்ததுதான் கண்ணுக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

அப்புறம் அவளே குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "யாருகிட்டயும் சொன்னதில்ல டீச்சர். அடக்கத்துக்கு முன்ன தாலி எறக்குனப்ப அந்தக் கயித்த எங்க வைக்கறதுன்னு தெரியல. மூஞ்சி இல்ல, கை இல்ல. கால் பக்கம் மட்டும் கட்டு தளந்திருந்துச்சு. அந்த மஞ்சக் கயித்த அவரு வலது கால்ல கட்டிட்டு, துணிய இழுத்து மூடிட்டேன். எங்க மாமியாருக்குக்கூடத் தெரியாது."

எனக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை. அந்தக் கயிறு குழிக்குள் இறக்குவதற்குச் சற்று முன் கட்டியது, மேக்ஸ்வெல். செல்லியையும் மண்ணையும் தவிர அதைப் பார்த்தவர் யாரும் கிடையாது. நீ பார்த்திருக்கிறாய்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவரை நினைத்து அல்ல, கழுவிக்கொள்ளத்தானே வருகிறார். உன்னை நினைத்துத்தான். சென்சாரை யார் ஆஃப் செய்தது?

அக்கா

*

மத்திகிரி
10 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

இரண்டு மாதமாக எழுதிக் கிழித்துப் போட்டேன். இதையாவது தபாலில் சேர்க்க வேண்டும்.

சென்சாரைத் தொழிலாளி ஆஃப் செய்ய முடியாது. அதற்கு ஒரு சாவி உண்டு. ஷிஃப்டுக்கு ஒரு சாவி, அது மேனேஜரிடம்தான் இருக்கும். அன்றைக்கு என்னிடம் இருந்தது.

சென்சார் அன்று காலையிலிருந்தே காரணமில்லாமல் மெஷினை நிறுத்திக்கொண்டே இருந்தது. பெங்களூருக்குப் போகிற லாரி கேட்டில் நின்றது. ராஜ்குமார் வந்து, "சார், மெயின்டனன்ஸ் ஆளக் கூப்புடுங்க, இது சரியில்ல" என்றார். நான் போய் என் கையாலேயே சாவியைத் திருப்பினேன். "நீ ஓட்டு. நான் பாத்துக்கறேன்" என்றேன். அதற்கு முன்பே அவர் ஷூ கிழிந்து மூன்று மாதம், கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்கும் நான் பார்த்துக்கறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். ரப்பர் செருப்போடு நின்று ஓட்டினார். உள்ளே ஒரு பீஸ் சிக்கியது. எடுக்கக் குனிந்தார். நான் சத்தம் கேட்டு ஓடியபோது வெளியே தெரிந்தது அவர் கால் இரண்டும்தான்.

சாவியை மேஜையிலிருந்து அவரே எடுத்துவிட்டார் என்று எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அது முடிந்த கையோடு என்னை அறத்தைப் படிக்க அனுப்பினார்கள்.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் வந்தார். எத்தனை கழுவினாலும் அடுத்த மாதம் அதே கிரீஸ். நவம்பர் ஒன்றாம் தேதி விழா. அதோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். உன் கடிதத்தை அன்று மேடையில் படிப்பார்கள். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை எழுதிவிடாதே. பிரவீனாவுக்கு ஐந்தாம் மாதம். யாரிடமும் சொல்லவில்லை, முதலில் உனக்குத்தான் சொல்கிறேன். நான் ஜெயிலுக்குப் போனால் அவள் என்ன செய்வாள்?

மேக்ஸ்வெல்

*

ஜவளகிரி
12 அக்டோபர் 2025

என் தம்பிக்கு,

பிரவீனாவை இங்கே அனுப்பு. பிரசவத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அது உனக்குக் கவலை வேண்டாம். என் வீட்டில் அவளுக்கு இல்லாததா?

ஒரு மாதம் பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் கோபம்தான். உன் கடிதத்தைப் படித்த அன்று பாடம் நடத்த முடியவில்லை. முதல் பெஞ்சில் சுவாதி உட்கார்ந்திருக்கிறாள். உன் பிள்ளையும் ஒருநாள் ஒரு வகுப்பில் உட்காரும், அதன் அப்பாவைப் பற்றியும் எவனாவது கேட்பான். அப்போது அது என்ன சொல்ல வேண்டும் என்று நீ முடிவு செய்.

சாட்சி என்று என்னை அழைத்தது நீ. குருமூர்த்தி சாருக்கு என் சாட்சிக் கடிதத்தை அனுப்பிவிட்டேன். பயப்படாதே, நீ செய்ததை நான் எழுதவில்லை. அது உன் வாயால் வர வேண்டியது. இரண்டே வரி எழுதினேன். 'என் தம்பியைப் பற்றிச் சாட்சி சொல்ல என்னைவிடத் தகுந்த ஒருவர் இருக்கிறார். மேடையில் பதின்மூன்றாவது நாற்காலி போடுங்கள், அழைத்து வருகிறேன்.' அதற்குள் அவர் பதில் போட்டுவிட்டார். அருமையான யோசனையாம்.

செல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாவியையும் சொன்னேன், கயிற்றையும் சொன்னேன். கையிலிருந்த கரண்டியைக் கழுவி வைத்தாள். அப்புறம், "எத்தன தடவ வந்தாரு டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தத் துண்டு இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.

உனக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்
அக்கா

*

மத்திகிரி
5 நவம்பர் 2025

அக்காவுக்கு, தம்பியின் வணக்கம். விழா முடிந்ததும் நீ செல்லியோடு பஸ் ஏறிவிட்டாய். நீ கடைசி வரிசையில் இருந்தாய், எங்கள் பேச்சு உன் காதில் விழுந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

பன்னிரண்டு பேருக்கும் கழுவி முடித்தேன். டைரக்டர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நகர்ந்தேன். பதின்மூன்றாவது நாற்காலிக்குக் கீழே இரண்டு கால்கள். மெட்டி போட்டிருந்த தழும்பு தெரிந்தது. தண்ணீர் ஊற்றச் சுரேந்தர் குனிந்தான். அந்தக் கால்கள் சேலைக்குள் போய்விட்டன. "என் கால் வேணாம்" என்றார் செல்லி.

அப்போதுதான் மைக்கை எடுத்தேன். சாவி என்னிடம் இருந்தது, திருப்பியது நான், ராஜ்குமார் மேல் ஒரு தப்பும் இல்லை, நான் கையெழுத்துப் போட்டது பொய் என்று சொன்னேன். பாதியிலேயே மைக்கை அணைத்துவிட்டார்கள். மீதியைக் கத்திச் சொன்னேன். நாராயணப்பன் எழுந்து நின்றுவிட்டார். குருமூர்த்தி சார் கையிலிருந்த கருத்துப் படிவங்களை மடித்துப் பைக்குள் வைத்தார்.

செல்லி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குனிந்து என் காதருகே கேட்டார்.

"அவரு கால் எப்படி இருந்துச்சு, சூடாவா?"

"ஜில்லுனு இருந்துச்சும்மா."

"நல்லாத் தொடச்சு விட்டீங்களா? விரலிடுக்குல ஈரம் நின்னா அவருக்குப் புண்ணு வந்துரும்."

"தொடச்சேன்."

"இப்ப இருக்காரா, பாருங்க."

பார்த்தேன் அக்கா. செல்லியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில், ஒரே ஒரு வலது பாதத்தின் ஈரம் பதிந்திருந்தது. வாசல் பக்கம் பார்த்தபடி இருந்தது. காலைக் காணோம். "போயிட்டாரும்மா" என்றேன். "சரி" என்றார்.

திங்கட்கிழமை தொழிற்சாலை ஆய்வு அதிகாரியிடம் போய் எழுதிக் கொடுத்தேன். கேஸ் போடுவார்கள் என்கிறார்கள். வேலை அன்றைக்கே போய்விட்டது. பிரவீனா அழுதாள். ஆனால் டிசம்பருக்குப் பிறகு நேற்றுத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கொண்டு வந்து விடுகிறேன்.

மேக்ஸ்வெல்

*

ஜவளகிரி
20 நவம்பர் 2025

என் தம்பிக்கு, அக்காவின் முத்தம். பிரவீனா நன்றாக இருக்கிறாள். காலையில் இரண்டு களி உருண்டை தின்றுவிட்டு இன்னும் கேட்டாள். வக்கீல் என்ன சொன்னார் என்று எழுது.

செல்லிக்கு மனுவுக்குப் பதில் கடிதம் வந்துவிட்டது. பழைய விசாரணை அறிக்கையைத் திரும்பப் பெறுகிறார்களாம். நான் படித்துக் காட்டியதும் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். மத்தியானம் வகுப்பில் சுவாதி எழுந்து, "எங்கப்பா மெஷினக் கெடுக்கல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. நான் பாடத்தை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

சாயங்காலம் செல்லி வீட்டுக்கு வந்தாள். பின்பக்கக் கொடியில் கிடந்த அந்தத் துண்டைப் பார்த்தாள். அதுவரை அவளிடம் அதை நான் காட்டியதில்லை. கிரீஸ் கறையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"எடுத்துட்டுப் போறேன் டீச்சர்."

"ஏழு மாசமா காயலம்மா அது" என்றேன்.

"உங்க வீட்டுல எப்படிக் காயும்? அவரு துணிய நான்தானே எப்பவும் காயப் போடுவேன்."

இன்று காலை பள்ளிக்கூடம் போகும்போது அவர்கள் வீட்டு வழியாகப் போனேன். சுவாதியின் யூனிஃபார்முக்குப் பக்கத்தில் துண்டு தொங்கியது. தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. வாசல் கல்லில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்திருந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

உன்
டெல்பின் அக்கா